படக்கட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைப் புகைப்படம் கற்க வருபவர்கள் கேட்பவை, போனிலேயே நல்ல படம் எடுத்துவிட்டு ‘இதையெல்லாம் எப்படிக் கோத்துப் போடுவது?’ என்று தவிப்பவர்கள் கேட்பவை, பழைய லைஃப் இதழை எங்கேயோ புரட்டிவிட்டு ‘இப்போதெல்லாம் ஏன் இப்படி வருவதில்லை?’ என்பவர்கள் கேட்பவை என எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும்.

ஒரே இடத்தில் எடுத்த பத்துப் படங்களைச் சேர்த்துப் போட்டால் படக்கட்டுரை ஆகிவிடுமா?

ஆகாது. அது ஆல்பம். நம் செய்தித் தளங்களில் தேரோட்டத்துக்கும், இசை வெளியீட்டு விழாவுக்கும், தலைவர்களின் சுற்றுப்பயணத்துக்கும் ‘புகைப்படத் தொகுப்பு’ என்று ஒன்று போடுவார்கள். அதில் நான்காவது படத்தையும் ஏழாவது படத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. படக்கட்டுரையில் அப்படி மாற்றினால் சொல்லவந்த விஷயமே மாறிவிடும். ஒரு படம் எதையோ தொடங்கிவைக்கும், அடுத்தது அதை வளர்க்கும், அதற்கடுத்தது ‘நீ நினைத்தது அப்படியில்லை’ என்று கவிழ்க்கும். தனிப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ‘அப்புறம்?’ என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

ஆகவே படம் எடுப்பதற்குச் சமமான வேலை அடுக்குவது. இந்த வடிவம் கடந்த நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்று கேட்டால், அடுக்கும் உரிமை யார் யார் கைக்குப் போனது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

எங்கே தொடங்கியது?

1920-களின் ஜெர்மனியில். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா கோட்டுப் பையில் அடங்கியது. சினிமா பிலிமைப் போட்டு ஒரு சுருளில் 36 படம் எடுக்கலாம். முக்காலியும் கண்ணாடித் தகடும் சுமந்து, எதிரே இருப்பவரை அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்த காலம் முடிந்து, ஒருவர் பின்னாலேயே நடந்து எடுக்கும் காலம் வந்தது. பெர்லின், மியூனிக் நகரங்களின் வாரப் பட இதழ்கள் இதைப் பிடித்துக்கொண்டன. மியூனிக் இதழின் ஆசிரியரான ஸ்டீபன் லோரன்ட்டை 1933-ல் நாஜிகள் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவர் இங்கிலாந்து போய் 1938-ல் பிக்சர் போஸ்ட் இதழைத் தொடங்கி நடத்தினார். இந்த லோரன்ட் கீழே இன்னொரு முறை வருவார்.

அமெரிக்காவில் லைஃப் வார இதழ் 1936 நவம்பர் 23 தேதியிட்டு வெளிவந்தது. முதல் இதழின் அட்டையில் மொன்டானா மாநிலத்தின் ஃபோர்ட் பெக் அணை, படம் எடுத்தவர் மார்கரெட் பர்க்-ஒயிட். கட்டுமானப் படங்கள் வேண்டுமென்றுதான் ஆசிரியர் குழு அவரை அனுப்பியது. அவரோ அணைக்கட்டு வேலைக்கு வந்தவர்களுக்காகத் திடீரென முளைத்த ஊர்களையும், சனிக்கிழமை இரவு மதுக்கடைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். தாங்கள் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆசிரியர் குழுவே அந்த இதழில் மகிழ்ச்சியோடு எழுதியது. எல்லா ஆசிரியர்களும் எல்லா நேரமும் அப்படி மகிழ்ந்துவிடவில்லை.

யூஜின் ஸ்மித்தின் ‘கிராமத்து மருத்துவர்’ கட்டுரையை எல்லா வகுப்பிலும் காட்டுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

லைஃபின் போட்டோகிராபரான ஸ்மித்தின் இந்தக் கட்டுரை 1948 செப்டம்பரில் வந்தது. கொலராடோ மலைப்பகுதியில் கிரெம்லிங் என்ற சிற்றூர். சுற்றுவட்டாரத்தில் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2,000 பேர் போல வசித்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே மருத்துவர், 32 வயது எர்னஸ்ட் செரியானி. ஸ்மித் 23 நாள் அவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார். மருத்துவர் தன்னைச் சட்டை செய்யாத நிலை வரும்வரை, ஆரம்பத்தில் கேமராவில் பிலிமே போடாமல் எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

முதல் படத்தில் வானம் கறுத்துக் கிடக்கிறது. களை மண்டிய வெளியில், வேலியோரமாக, தொப்பியும் கோட்டும் அணிந்த மருத்துவர் கையில் பையோடு தனியே நடந்து வருகிறார். இதை மட்டும் பார்த்தால் ஒரு நல்ல காலண்டர் படம். பிறகு நோயாளிகள், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, ஊர்க்காரர்கள் வழிமறித்து விசாரிப்பது என்று போகிறது. அடுத்து, குதிரை உதைத்து நெற்றி பிளந்த இரண்டரை வயதுக் குழந்தை. தையல் போடும் கைகளைக் காட்டியபின் ஸ்மித் காயத்தை விட்டுவிட்டு முகங்களுக்குப் போகிறார். பெற்றோர் முகம். பிறகு மருத்துவர் முகம். குழந்தையின் கண்ணைக் காப்பாற்ற முடியாது, அதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும் கணம் அது. வேறோர் அறுவை சிகிச்சை இரவு 2 மணி வரை நீள, கடைசிப் படத்தில் அவர் சமையலறை மேடைமேல் சாய்ந்து நிற்கிறார். அறுவை உடையைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் காபி, மறு கையில் சிகரெட், பார்வை எங்கேயோ.

அந்தக் கடைசிப் படத்தைத் தனியே அச்சடித்தால் களைத்துப்போன ஒரு மனிதர், அவ்வளவுதான். முதல் படத்தில் நடந்து வந்தவர்தான் இங்கே சாய்ந்து நிற்கிறார் என்று தெரியும்போது அதற்கு வரும் கனமே வேறு. 23 நாளில் எடுத்தவை ஒரே பகலும் ஒரே இரவும் போல ஓடுகின்றன. படத்துக்குப் படம் ஒளி, கோணம் என்று வகுப்பில் பேசும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ட்ரூமன் அரசு தேசிய மருத்துவக் காப்பீடு கொண்டுவர முயன்று, பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. தன்னந்தனியாக ஊரையே தாங்கும் மருத்துவரை நாயகனாக்கும் கட்டுரை அந்தச் சர்ச்சையில் எந்தப் பக்கத்துக்கு உதவும் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. படங்கள் உண்மையாக இருக்கலாம், அடுக்குக்கு ஒரு நோக்கமும் இருக்கலாம்.

அப்படியானால் படக்கட்டுரையின் ஆசிரியர் யார்? போட்டோகிராபரா, பத்திரிகையா?

லைஃபின் வழக்கம் இதுதான். என்னென்ன காட்சி வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு பட்டியல் கையில் தரப்படும். எடுத்த பிலிம் நியூயார்க்குக்குப் போய்விடும். தேர்வு, அளவு, வரிசை, தலைப்பு எல்லாம் அங்கே முடிவாகும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்குக் கார்டன் பார்க்ஸ் நல்ல உதாரணம். லைஃபின் முதல் கறுப்பின ஊழியப் போட்டோகிராபர் ஆனவர். 1948-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 17 வயதுக் கும்பல் தலைவன் ஒருவனோடு வாரக்கணக்கில் இருந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். அச்சானவை 21. 2013-ல் நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகம் அச்சானவற்றையும் ஒதுக்கப்பட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்காட்சி நடத்தியது. பையனின் மென்மையான பக்கம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டவற்றில் இருந்தது. சண்டையும் பயமும் இருட்டும் பக்கங்களுக்குப் போயிருந்தன. எந்தப் படமும் பொய்யில்லை. ஆனாலும் இரண்டு வேறு வேறு பையன்கள்.

ஸ்மித் இந்த ஏற்பாட்டோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். 1954-ல், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திய ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றிய கட்டுரையைத் தன் விருப்பப்படி போடவில்லை என்று லைஃபை விட்டே வெளியேறினார். சரி, முழு அதிகாரமும் போட்டோகிராபர் கைக்கு வந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதையும் ஸ்மித்தே செய்து காட்டிவிட்டார். மேலே சொன்ன லோரன்ட் 1955-ல் பிட்ஸ்பர்க் நகரம் பற்றிய புத்தகத்துக்கு 100 படம் எடுத்துத் தரச் சொன்னார். சில வாரங்களில் முடியவேண்டிய வேலை. ஸ்மித் ஆண்டுக்கணக்கில் அதிலேயே மூழ்கி 17,000 படம் அளவுக்கு எடுத்துக் குவித்தார். வீட்டையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டார். கடைசியில் 1959-ல் ஒரு புகைப்பட ஆண்டிதழில் தானே லேஅவுட் செய்து ஒரு பகுதியை வெளியிட்டார். அது தோல்வி என்று அவரே சொன்னார்.

என் கட்சி இது: களத்துக்குப் போகாத ஒரு கண் கட்டாயம் வேண்டும். அந்தக் கண்ணுக்கு வீட்டோ அதிகாரம் மட்டும் கூடாது.

படக்கட்டுரையால் உலகத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது பார்த்து உச்சுக்கொட்டுவதோடு சரியா?

இரண்டும் நடந்திருக்கிறது. 1951 டிசம்பரில் தென் கரோலினாவின் ஏழைக் கிராமங்களில் வேலை பார்த்த மாட் காலன் என்ற கறுப்பின மருத்துவச்சியைப் பற்றி ஸ்மித் செய்த கட்டுரை வந்தது. வாசகர்கள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் 1953-ல் அவருக்கு ஒரு கிளினிக் எழுந்தது.

1961-ல் பார்க்ஸ் ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதி ஒன்றில், ஆஸ்துமாவோடு தம்பி தங்கைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஃபிளாவியோ என்ற 12 வயதுப் பையனைப் படமெடுத்தார். மறுபடியும் பணம் கொட்டியது. பையனை டென்வருக்கு அழைத்துப் போய் வைத்தியம் செய்தார்கள். இதுவரை நல்ல கதை. பிரேசிலில் இது பலருக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கிருந்த ஓ குருசேரோ என்ற பட இதழ் தன் போட்டோகிராபர் ஆன்ரி பாலோவை நியூயார்க்குக்கு அனுப்பியது. ‘உங்கள் ஊரில் வறுமை இல்லையா?’ என்பதுதான் அசைன்மென்ட். மன்ஹாட்டனில் ஒரு ஏழைப் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்தை எடுத்து அதே பாணியில் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். படக்கட்டுரைக்குப் படக்கட்டுரையாலேயே பதில் கொடுத்த இந்தச் சம்பவம் பாடப்புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. முதல் அத்தியாயமாக வைக்கவேண்டும் என்பேன். யார் யாரைப் பார்க்கப் போகலாம் என்ற கேள்வியை அவ்வளவு நேராக அதற்கு முன் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் இதன் கதை என்ன?

கதை சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்குகிறது, அதுவும் கசப்பாக. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வில்லபி ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் உதவி எதுவும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே அவர்மேல் புகார் எழுந்தது. அங்கே அடுக்கப்பட்டது படங்கள்கூட இல்லை, மனிதர்கள்.

1943 வங்கப் பஞ்சத்தில் வேறொரு விதம். கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் பி. சி. ஜோஷி, மாணவராக இருந்த சுனில் ஜானாவைக் கூடவே அழைத்துப் போனார். பீப்பிள்ஸ் வார் பத்திரிகையில் வந்த படங்கள் பஞ்சத்தை வெளியுலகத்துக்குக் காட்டின. பின்னாளில் மைசூர்க்காரர் டி. எஸ். சத்யன் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக பெரியம்மை ஒழிப்புப் பணியைப் படமாக்கினார். ரகு ராய் 1980-களில் இந்தியா டுடே இதழில் பட ஆசிரியராக இருந்தபோது, ஒரு செய்தி இதழ் பல பக்கங்களைப் படத்துக்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் காட்டினார்.

1984 டிசம்பர் போபாலை எல்லோரும் ஒரே படமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம்: மண்ணுக்குள் பாதி புதைந்த குழந்தை முகம். ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார். பாப்லோவின் படத்துக்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. ஆனால் விஷவாயு அந்த ஒரு இரவோடு போய்விடவில்லையே. ஏறக்குறைய 17 ஆண்டு கழித்து ரகு ராய் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக மறுபடி போபால் போய், உயிர் பிழைத்தவர்களையும் கைவிடப்பட்ட ஆலையையும் எடுத்தார். புகழ்பெற்ற அந்த ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாத ‘அப்புறம்?’ இந்தப் படங்களில்தான் இருக்கிறது. இவை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சமீப காலத்தில் காஷ்மீர் முடக்கப் படங்களுக்காக 2020-ல் ஏபி செய்தி நிறுவனத்தின் மூவருக்கும், கோவிட் படங்களுக்காக 2022-ல் டேனிஷ் சித்திகி உள்ளிட்ட ராய்ட்டர்ஸ் போட்டோகிராபர்கள் நால்வருக்கும் புலிட்சர் விருது கிடைத்தது. சித்திகி அதற்கு முந்தைய ஆண்டே ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டிருந்தார். இவை மகத்தான பணிகள். இருந்தாலும் செய்தி முகமைப் படங்களின் பரிசுத் தொகுப்பைப் படக்கட்டுரை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தினமும் ஒவ்வொன்றாக அனுப்பியவற்றை ஆண்டு முடிவில் பரிசுக்காகக் கோத்தவை அவை.

தொலைக்காட்சி வந்து படக்கட்டுரையைக் கொன்றுவிட்டது என்கிறார்களே?

கொன்றது பட இதழ்களை. பிக்சர் போஸ்ட் 1957-லும், லுக் 1971-லும், லைஃப் வார இதழ் 1972 டிசம்பரிலும் நின்றன. லைஃப் நின்றபோதும் அதற்குப் பல லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். விளம்பரம் டிவிக்குப் போனது, தபால் செலவு ஏறியது, கட்டுப்படியாகவில்லை. வடிவம் புத்தகத்துக்கும் கண்காட்சிச் சுவருக்கும் இடம்பெயர்ந்தது. பிரேசில் போட்டோகிராபர் செபஸ்தியாவோ சல்காடோ போன்றவர்கள் ஒரே பொருளை ஆறேழு ஆண்டு தொடர்ந்தது அதன்பிறகுதான். கூடவே ஒரு நஷ்டமும் வந்தது. சலூனிலும் டாக்டர் வீட்டுத் திண்ணையிலும் கிடந்த இதழைப் புரட்டியவர்கள் வேறு, கண்காட்சிக்குப் போகிறவர்கள் வேறு.

இன்ஸ்டாகிராமில் பத்துப் படத்தை அடுக்கிப் போடுகிறோமே, அது படக்கட்டுரைதானே?

ஆகலாம். 2017-ல் ஒரே பதிவில் பத்துப் படம் வரை போடும் வசதி வந்தது. 2024-ல் அது இருபதானது. வரிசையை நீங்களே முடிவு செய்கிறீர்கள், ஆசிரியர் தொல்லை இல்லை. ஆனால் முதல் படத்தைத் தாண்டி விரல் நகருமா என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்ல. அதனால் எல்லோரும் பலமான படத்தை முதலில் வைத்துவிடுகிறார்கள். ஸ்மித் அந்தச் சமையலறைப் படத்தை முதலில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று அளவு. அச்சுப் பக்கத்தில் ஒரு படம் இரண்டு பக்கம் விரிந்து படுத்திருக்கும், அதன் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் மூன்று இருக்கும். எது பெரிது, எது அதற்குத் துணை என்று கண்ணுக்கே தெரியும். போன் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு, ஒன்றன்பின் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. அதனால் போனுக்குச் செய்யும்போது எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே தூரத்தைக் கூட்டவேண்டும். அகலக் காட்சிக்கு அடுத்து உடனே கை, கைக்கு அடுத்து வெறும் அறை என்று. ஒரே மாதிரி இரண்டு வந்தால் விரல் ஓடிவிடும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2012-ல் தொடங்கிய எவ்ரிடே ஆப்பிரிக்கா என்ற இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பஞ்சமும் போரும் இல்லாத சாதாரண நாட்களை அந்தந்த ஊர்ப் போட்டோகிராபர்களும் போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து உலகம் முழுக்க அதே பெயர் பாணியில் பக்கங்கள் முளைத்தன.

தமிழில் இப்போது உருப்படியான படக்கட்டுரை எங்கே பார்க்கலாம்?

பத்திரிகையாளர் பி. சாய்நாத் கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்ய 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி (PARI) இணையதளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில். அதில் எம். பழனி குமாரின் பணியைத் தேடிப் பாருங்கள். மதுரைக்காரர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய அம்மாவின் மகன். அம்மாவைப் பற்றியே ஒரு படக்கட்டுரை செய்திருக்கிறார். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்துவருகிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாவு நிற்காததால் அவர் கேமராவும் நிற்கவில்லை.

ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அவருடைய கட்டுரையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கரையில் இருந்து அவர்கள் தயாராவதையே பொறுமையாகக் காட்டுகிறார். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுகிறார்கள், கண்ணாடி மாட்டுகிறார்கள், இடுப்பில் வலைப்பை கட்டுகிறார்கள். அந்தத் துணி சுற்றிய விரல்களைப் பார்த்த பிறகுதான் நாம் அவர்களோடு தண்ணீருக்குள் போகிறோம். ஆகவே கடலுக்கடியில் எடுத்த படத்தைப் பார்க்கும்போது ‘ஆகா, என்ன அழகு’ என்று வாய் வருவதற்கு முன் கை வலிக்கிறது. வரிசையின் வேலை அது.

தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துக் குழந்தைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் கொடுக்கிறார் பழனி குமார். ஹூப்பரின் கேமராவுக்கு முன் உட்காரவைக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலிருந்து இது எவ்வளவு தூரம்!

படம் பேசவேண்டும், படக்குறிப்பு எதற்கு?

படம் தானாகப் பேசாது. இத்தாலியரான ஜொவானி ட்ரொய்லோவுக்கு 2015-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் கதைப் பிரிவில் முதல் பரிசு கிடைத்தது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரம் பற்றிய தொடர். அதில் ஒரு படம் ஷார்லெருவாவில் எடுத்ததே இல்லை, பிரஸ்ஸல்ஸின் மோலன்பேக் பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததும் பரிசைப் பறித்துவிட்டார்கள். அந்த ஊர் மேயரும் முன்னதாகவே, எங்கள் ஊரைக் கேவலமாகக் காட்டியிருக்கிறார் என்று புகார் எழுதியிருந்தார். படத்தில் ஒரு புள்ளிகூட மாற்றப்படாமல் பொய் சொல்ல முடியும். எங்கே, எப்போது, யார், எடுக்கும்போது என்ன நடந்துகொண்டிருந்தது, நீங்கள் எதையாவது செய்யச் சொன்னீர்களா: இந்த ஐந்தும் குறிப்பில் வேண்டும். ‘வறுமையின் நிறம்’ மாதிரித் தலைப்புகள் வேண்டாம், தயவுசெய்து.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் படக்கட்டுரையை எப்படி நம்புவது?

2021-ல் மேக்னம் என்ற புகழ்பெற்ற போட்டோகிராபர்கள் கூட்டமைப்பின் உறுப்பினர் யோனாஸ் பென்டிக்சன் வடக்கு மாசிடோனியாவின் வேலெஸ் நகரம் பற்றி ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது பொய்ச் செய்தித் தளங்கள் நடத்திக் காசு பார்த்த ஊர் அது. புத்தகத்தைப் பாராட்டினார்கள். பிரான்சின் பெர்ப்பிஞ்ஞோன் நகரில் நடக்கும் புகழ்பெற்ற புகைப்பட இதழியல் விழாவிலும் திரையிட்டார்கள். பிறகு அவரே போட்டு உடைத்தார்: இடங்கள் மட்டும்தான் நிஜம், படங்களில் இருந்த மனிதர்களும் கரடிகளும் கணினியில் செய்த உருவங்கள், கட்டுரையையும் கணினியே எழுதியது. யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தும் தொழில்காரர்கள் எவரும் கேட்காததால், போலிக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் தன்மேல் தானே சந்தேகம் கிளப்ப வேண்டியிருந்தது.

2023 நவம்பரில் உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு ஒரு பிரிவில் மட்டும் செயற்கை நுண்ணறிவுப் படங்களை ஏற்கலாம் என்று சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது.

பழைய காலம் சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். ஷ்வைட்சர் படம் ஒன்றின் கீழ் மூலையில் தெரியும் ரம்பக் கைப்பிடியும் நிழல் கையும் ஸ்மித் இருட்டறையில் வேறொரு நெகட்டிவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. இன்று அதைச் செய்தால் வேலை போய்விடும். போகவும் வேண்டும்.

படத்தில் இருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒருமுறை சம்மதம் வாங்கினால் போதாதா?

மினமாட்டாவைப் பாருங்கள். ஜப்பானில் சிஸ்ஸோ ஆலை கடலில் கலந்த பாதரசத்தால் ஊரே நோயில் விழுந்தது. 1971-லிருந்து ஸ்மித்தும் மனைவி ஐலீனும் அங்கேயே மூன்றாண்டு குடியிருந்து எடுத்தார்கள். 1972 ஜனவரியில் ஆலைத் தரப்பு ஆட்கள் ஸ்மித்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் பார்வையே பாதிக்கப்பட்டது. அந்தத் தொடரில், பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் தொட்டியில் ஏந்திக் குளிப்பாட்டும் படத்தை உலகமே பார்த்தது. பெற்றோர் சம்மதித்து எடுத்த படம்தான். மகள் 1977-ல் இறந்துபோனார். படம் ஓயவில்லை. சுவரொட்டி, புத்தகம், பள்ளிப் பாடம் என்று எங்கு பார்த்தாலும். அவளை ஓய்வெடுக்க விடக்கூடாதா என்ற எண்ணம் பெற்றோருக்கு வந்தது. ஐலீன் 1998-ல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களுக்கே கொடுத்து, புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார்.

புகைப்பட உலகில் சிலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. நம் ஊரில் சம்மதம் என்பது பெரும்பாலும் ‘எடுத்துக்கோங்க சார்’ என்ற ஒரு வார்த்தையோடு முடிகிறது. எங்கே வரும், எத்தனை காலம் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் போனுக்கும் வருமா என்றெல்லாம் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் தயங்குவார்கள். தயங்கட்டும்.

எத்தனை படம் இருக்கலாம்?

கணக்கு கிடையாது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டி 2022-ல் விதிகளை மாற்றியபோது கதைப் பிரிவுக்கு அதிகபட்சம் 10 என்றும், நீண்டகாலப் பணிக்கு 24 முதல் 30 என்றும் வைத்தது. எட்டில் சொல்ல முடிந்ததை ஒன்பதில் சொல்லாதீர்கள்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

இதை மட்டும் வைத்து என்றால், கஷ்டம். 2013 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் தன் முழுநேரப் போட்டோகிராபர்கள் 28 பேரையும் ஒரே நாளில் நிறுத்தியது. நம் பத்திரிகைகள் அப்படிச் சத்தம் போடாமலே ஆட்களைக் குறைத்துக்கொண்டன. நல்கைகள், தொண்டு நிறுவன வேலை, கல்யாண ஆர்டர் என்று கலந்துதான் பலரும் ஓட்டுகிறார்கள். கல்யாண வேலையை மட்டமாகப் பேசாதீர்கள். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டும் கையைத் தவறவிடாதவர் எங்கேயும் தவறவிடமாட்டார். தொண்டு நிறுவனப் பணத்தில் எடுக்கும்போது ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். கடைசிப் படத்தில் எல்லோரும் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வரிசை மறுபடியும் கைமாறும் இடம் அது.

நான் ஒன்று செய்து பார்க்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பஸ் ஏறாமல் போகக்கூடிய இடத்தில். திரும்பத் திரும்பப் போக முடிந்தால்தான் கட்டுரை வரும். தனுஷ்கோடிக்கு ஒருமுறை போய்வந்தால் ஆல்பம்தான் வரும். இஸ்திரி வண்டி, ரேஷன் கடை, தண்ணீர் லாரி வரும் தெரு, டயாலிசிஸ் வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் என்று ஒன்றைப் பிடியுங்கள். முதல் இரண்டு முறை கேமராவைப் பையிலேயே வையுங்கள்.

எடுத்த அன்றே ஒவ்வொரு படத்துக்கும் பெயர், இடம், தேதி, அவர் சொன்னது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்றால் பெயர் மறந்துவிடும்.

தேர்வு செய்யும்போது திரையை நம்பாமல் நாற்பது ஐம்பது படத்தை ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். தரையில் பரப்புங்கள். அந்த இடத்துக்கே போகாத ஒருவரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல், அவர் இஷ்டத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்த படத்தை அவர் ஓரமாகத் தள்ளிவைப்பார். கோபம் வரும். ஏன் தள்ளினார் என்று கேளுங்கள். ‘இதுல இருக்கிறது யாருன்னே தெரியலையே’ என்பார் பெரும்பாலும்.

பிறகு அதே பிரிண்ட்களை எடுத்துக்கொண்டு படத்தில் இருப்பவர்களிடம் போங்கள். அவர்களையும் அடுக்கச் சொல்லுங்கள். இஸ்திரிக்காரர் தன் வண்டியின் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பொண்ணு ஸ்கூல் யூனிபார்மில் நிற்பதை முதலில் வைத்தால், நீங்கள் எடுக்காமல் விட்ட படங்கள் எவை என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த வாரம் போய் அவற்றை எடுங்கள்.